சூடு ஏறும் வழி

ஆகாதவற்றை டாக்டர் நித்தியா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வர, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுருட்டு, சிகரெட் ஆகாது. பீர், பிராந்தி எதுவும் ஆகாது. கறுப்புக் கோப்பி ஆகாது. ஆட்டுக்கறி மாதிரி கொழுப்பும் காரமுமான சாப்பாடு ஆகாது. நாள் முழுக்க வெறும் வயிற்றோடு கிடந்துவிட்டு ஒரேயடியாக வயிறு முட்டத் தின்னவே கூடாது. செம்பனைத் தோட்டத்துக் கோயில் முனியாண்டிக்கு என்னென்ன படைக்கவேண்டும் என்று கேட்டால், அந்தப் பெண் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிவிடலாம். வருடாவருடம் அந்தச் சாமி இறங்கி ஆடுகிற, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் உமாபதிக்கும் அது புரிந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, சுவரில் ஒட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இது நீங்க நெனைக்கிற மாதிரி வெறும் கேஸ்திரிக் இல்ல," என்றார் டாக்டர். "வயித்துக்கும் சாப்பாட்டுக் கொழாய்க்கும் நடுவுல ஒரு கதவு மாதிரி இருக்கு. சாப்பாடு கீழ போனதும் அது மூடிக்கணும். உங்களுக்கு லூசாயிருச்சு. அதான் ஆசிட் மேல வருது. இன்னிக்கு நேத்து இல்ல, ரொம்ப வருஷமா வந்திருக்கு."

வாய்வழியாகக் குழாய் விட்டு எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். என் புருஷனின் உள்பக்கத்தை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மேலே வெளிறிய ரோஸ் நிறம். கீழேயிருந்து சிவப்பு திட்டுத்திட்டாக மேல்நோக்கி ஏறியிருந்தது. அந்த இடத்தில் தோல் தன் குணத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது என்றார். இப்போதைக்கு பயமில்லை, ஆனால் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அது புற்றுநோயில் போய் நிற்கும் என்றும் சொன்னார். காலையில் பசியாறுவதற்கு முன் ஒரு மாத்திரை, தலைப்பக்கம் உயர்த்திய கட்டில், இடது பக்கம் சாய்ந்து படுப்பது, இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடிப்பது. எல்லாம் எங்களால் முடிகிற காரியங்கள்தான்.

"எவ்ளோ நாளைக்கு டாக்டர்?" என்று கேட்டார் இவர்.

"நாள் கணக்கெல்லாம் இல்ல அங்கிள். இதக் கூடவே வெச்சுக்கிட்டு வாழப் பழகணும். மருந்த மட்டும் நீங்களா நிறுத்திறாதீங்க."

காரில் வரும்போது புக்கிட் செந்தோசா முனை வரும்வரை அவர் ஒரு கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "கதவுன்னு சொன்னாங்க பாத்தியா நாகு," என்றார். "அப்பாவும் அதான் சொன்னாரு." எனக்கு வந்த கோபத்தில் வானொலியைச் சத்தமாக வைத்தேன்.

அவருடைய அப்பா நாராயணசாமி சொன்னது என்ன என்று எனக்கு மனப்பாடம். நெஞ்சில் சூடு ஏறினால் முனியாண்டி உள்ளே வர வாசல் திறக்கிறது என்று அர்த்தம். வயிற்றுக் குழியில் கிளம்பி, நடு நெஞ்சைச் சுட்டுக்கொண்டு, தொண்டையில் புளிப்பாக நிற்கும். அதற்குப் பிறகு வாயில் வருவது மனிதன் பேச்சு இல்லை. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பழக்கம்: விரல்களை மடக்கி, முட்டியால் வயிற்றுக் குழியிலிருந்து தொண்டைவரை மெல்லத் தேய்த்துவிடுவார்கள். தறிகெட்டு வரும் மாட்டைத் தடவி அழைத்துவருகிற மாதிரி இருக்கும். தோட்டத்தில் எல்லோரும் அதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கோயில் திருவிழாவில் கரகரவென்று வரும் அந்தக் குரலுக்காக, தோட்டத்தைவிட்டு எங்கெங்கோ போய்விட்டவர்கள்கூட கார் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

நான் கல்யாணமாகி வந்த மறுவருடம், திருவிழா முடிந்த காலையில், மாமனார் பீடத்துக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்தார். கோப்பித்தூளைக் கரைத்து ஊற்றிய மாதிரி கறுப்பாக இருந்தது. சாமி உக்கிரமாக இறங்கிவிட்டுப் போயிருக்கிறது என்று திருநீறு பூசினார்கள். அடுத்த திருவிழாவுக்கு அவர் இல்லை, சாமி இவர் மேல் இறங்கியது. மாமனார் வாந்தி எடுத்த அந்த வேட்டியைத் துவைத்தவள் நான். எனக்கு முனியாண்டி மேல் எந்தக் கோபமும் கிடையாது, அவருடைய சாப்பாட்டுப் பழக்கத்தின் மேல்தான் கோபம்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தோம். அவர் நிம்மதியாகத் தூங்கினார், நான்தான் சறுக்கிக்கொண்டே போய்க் காலை எங்காவது இடித்துக்கொண்டு எழுந்தேன். முன்பெல்லாம் தூக்கத்தில் அவர் தொண்டையிலிருந்து களகளவென்று ஒரு சத்தம் வரும். உள்ளே வேறு யாரோ பேச முயல்கிற மாதிரி இருக்கும். அது நின்றுபோனது. காலையில் செருமிச் செருமிக் காறுவதும் நின்றது. அவருக்கு இனிமையான குரல் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸில் பாட்டுக்குக் கூடவே பாடுகிறாராம், நேப்பாளத்துப் பையன்கள் கை தட்டுகிறார்களாம். பின்னே என்ன, குடும்பத்துக்கு விடிவு வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்ததும் தோட்டத்துக் கோயிலில் காப்பு கட்டினார்கள். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையில் உள்ளே திரும்பி, செம்பனைகளுக்கு நடுவில் போகவேண்டும். மஞ்சள் துணியோடு வீட்டுக்கு வந்தவர், மாத்திரை அட்டையை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

"காப்பு கட்டியாச்சு. இனிமே மருந்து கெடையாது."

"யாரு சொன்னா? சாமி சொல்லுச்சா?"

"ஒடம்புக்குள்ள வேற ஒண்ணு இருந்தா அது எறங்காது. அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"அப்பா காலம் எப்படி முடிஞ்சிச்சுன்னு நான் பாத்தேங்க. நீங்க திருநீறு பூசிக்கிட்டு இருந்தீங்க. வேட்டியத் தொவச்சது நானு."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து, "மாத்திர சாப்புட ஆரம்பிச்சதுலேர்ந்து நெஞ்சு சில்லுன்னு இருக்கு நாகு," என்றார். "யாருமே இல்லாத வீடு மாதிரி இருக்கு. ஒனக்குச் சொன்னா புரியாது லா."

எனக்குப் புரிந்தது. அதனால்தான் பயமாக இருந்தது. காப்பு கட்டியது முதல் திருவிழா முடியும்வரை அந்தச் சிவப்பு இன்னும் எவ்வளவு மேலே ஏறும் என்று யாருக்குத் தெரியும்? இந்த வருடம் விட்டவர் அதற்குப் பிறகும் தொடமாட்டார். கிள்ளானில் மருந்துக் கடையில் வேலை செய்யும் மகள் விஷாலினிக்கு ஃபோன் செய்து, சும்மா தெரிந்துகொள்வதுபோல் கேட்டேன்.

"கேப்சூலத் தெறந்து உள்ள இருக்கிறத தயிர், மோர் எதுலயாச்சும் கலந்து குடுக்கலாம் மா. நசுக்கிறாத, கடிக்கவும் கூடாது, அப்படியே முழுங்கணும். ஏன், அப்பாவுக்கு முழுங்க முடியலயா?"

"ஆமா லா," என்றேன். பெற்ற பெண்ணிடம் பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது.

விரதக் காலத்தில் காலையில் அவருக்கு மோர்தான். எனக்கு வசதியாகப் போயிற்று. மறுநாள் அவர் குளிக்கும் நேரத்தில் மாத்திரையின் மூடியைத் திருகி இழுத்தேன். உள்ளே கடுகைவிடச் சின்ன வெள்ளை உருண்டைகள். மோரில் கொட்டியபோது சில அடியில் தங்கின, சில மிதந்தன. கொஞ்சம் கொத்தமல்லித் தழையை அரிந்து போட்டு மறைத்தேன். கலக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு மிகப் பக்கத்தில் சுருட்டு வாசம் வந்தது.

எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை. இவர்கூட வருடத்தில் ஒரே ஒருநாள், அதுவும் சாமி வந்த பிறகுதான் சுருட்டைத் தொடுவார். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். இடது பக்கத்து வீட்டு மலாய்க்காரர் சிகரெட்டை விட்டு எத்தனையோ காலமாகிறது. வலது பக்கத்து வீடு காலி. வாசம் வெளியிலிருந்து வரவில்லை. அவர் மோரைக் குடித்து முடித்து டம்ளரை வைத்ததும் அது போய்விட்டது.

அது ஒரு காலையோடு நிற்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது வராது, சாம்பிராணி போடும்போது வராது. மாத்திரையைத் திருகும்போது மட்டும் வரும். மனப்பிரமை, திருடிக்கு நிழலைக் கண்டாலும் பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் வேண்டுமென்றே காலி மாத்திரைக் கூட்டைத் திருகிப் பார்த்தேன், வாசம் வரவில்லை. நிஜ மாத்திரையை எடுத்தேன், வந்துவிட்டது. அன்றைக்கு மோர் கொஞ்சம் மேசையில் சிந்தியது. துடைத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பயந்தாலும் கொடுத்தேன் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். முனியாண்டியே நேரில் வந்து நின்றிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஆனால் அவர் முகத்தைப் பார்ப்பதுதான் முடியாத காரியமாகிவிட்டது. மருந்தை விட்டும் சூடு வரவில்லை என்று அவர் தவித்தார். வேலை முடிந்து வந்து பின்பக்கம் உட்கார்ந்து முட்டியால் நெஞ்சைத் தேய்ப்பார். பிள்ளை வராத பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தகப்பன் மாதிரி காத்திருப்பார். வெறும் வயிற்றில் கறுப்புக் கோப்பியைக் கடகடவென்று குடித்துப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை.

"போயிருச்சு நாகு," என்றார் ஒருநாள். "என்ன விட்டுட்டுப் போயிருச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்?"

அவர் கண் கலங்கியிருந்தது. தப்பு பண்ணியவள் எதிரில்தான் நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் தொண்டையில் ஏதோ புளிப்பாக வந்து நின்றது. அதை விழுங்கினேன், அதோடு வார்த்தையும் உள்ளே போய்விட்டது. பயத்தில் எனக்கும் வயிறு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதுவரை நெஞ்செரிச்சல் என்றால் என்னவென்றே தெரியாது. கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு என்று என் அம்மா சொல்வாள்.

திருவிழா நாள் காலையில் மோர் இல்லை. சாமி இறங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. நான் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, மாத்திரை ஒன்றைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டேன். விரதம் விடும்போது மோர் கொடுப்பார்கள், அந்த டம்ளரை எப்படியும் என் கைக்கு வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு. முடிச்சு வெளியில் தெரியாமல் முந்தானையை இடுப்பில் செருகினேன்.

தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளான லயங்களில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். கோயிலுக்கு வந்த கார்களை வாசல்படியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். உச்சி வெயில். காற்றே இல்லை, செம்பனை மட்டை ஒன்றுகூட அசையவில்லை. கோயில் தலைவர் திருச்செல்வம் தட்டில் சுருட்டுகளையும் கறுப்பு பீர் போத்தலையும் ஆட்டுக்கறியையும் பீடத்தின் முன் வரிசையாக வைத்தார். உறுமி மேளம் தொடங்கியது.

இவர் பீடத்தின் முன் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். மேளம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வழக்கமாக முதல் ஏற்றத்திலேயே அவர் தோள் குலுங்கும். அன்று முட்டியால் நெஞ்சைத் தேய்த்தபடி நின்றார். தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் தோல் சிவந்தது. கூட்டத்தில் பேச்சு கிளம்பியது. தண்ணீர் போத்தல் திறக்கும் சத்தம் கேட்டது. மேளக்காரப் பையன்களின் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

திருச்செல்வம் என் பக்கத்தில் வந்து, "என்ன அண்ணி, அண்ணன் வெரதம் சுத்தமா இருந்தாருல்ல?" என்று காதோரம் கேட்டார்.

"இருந்தாரு."

"மருந்து கிருந்து ஒண்ணும்?"

"இல்ல," என்றேன்.

"எறங்கலேன்னா அடுத்த வருஷத்துக்கு வேற ஆளப் பாக்கணும் அண்ணி. சனங்க பேசறாங்க."

அவர் பேசியது இவருக்கும் கேட்டிருக்கவேண்டும். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பார்வையை நான் அவரிடம் கண்டதில்லை. எல்லோர் முன்னாலும் கையை விரித்துக்கொண்டு நிற்கிற ஒரு மனிதரின் பார்வை அது. அவர் உயிரைக் காப்பாற்ற நினைத்து அவர் உயிராக நினைத்ததைப் பிடுங்கிவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. போதும், சொல்லிவிடலாம், எல்லோரும் என்னைத் திட்டட்டும் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன்.

மேளம் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றவன் நிறுத்தினான், அதனால் நானும் நிறுத்தினேன் என்று ஒவ்வொருவனும் பிறகு சொன்னான்.

இவர் ஆடவில்லை. குலுங்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த கை தானாகக் கீழே இறங்கியது. கண்ணைத் திறந்துகொண்டுதான் நின்றார்.

"ஆத்தா," என்றார்.

அது அந்தக் கரகரத்த குரல் இல்லை. இவர் பஸ்ஸில் பாடும் குரலும் இல்லை. தாழ்ந்து, தெளிவாக, அவசரமில்லாமல் வந்தது. 

"முந்தானையில முடிஞ்சிருக்கிறத எடு."

 மோரில் கலந்ததை அவர் எப்படியோ கண்டுபிடித்திருக்கலாம். டம்ளரின் அடியைச் சில நாள் உற்றுப் பார்த்ததும் உண்டு. ஆனால் இந்த முடிச்சைப் போட்டபோது குளியலறைக் கதவு தாழிட்டிருந்தது, அவரோ அதற்கு முன்பே கோயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தார். செருகலை உருவி முடிச்சை அவிழ்த்தேன். வியர்வையில் மாத்திரை லேசாக இளகியிருந்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

திருச்செல்வம் ஒன்றும் புரியாமல் ஒரு சுருட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "சாமி, சுருட்டு..."

"வேணாம்."

சுருட்டு தட்டுக்குத் திரும்பியது. இவர் என் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் தன் நெஞ்சையே தொட்டுக் காட்டினார். பக்கத்தில் நிற்கும் வேறு ஆளைத் தொட்டுக் காட்டுவதுபோல் இருந்தது அது.

"இது எனக்கில்ல. இவனுக்கு. தெனமும் குடு."

கூட்டத்தில் யாரோ குலவையிட்டார்கள். திருச்செல்வத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கையைக் கூப்பிக்கொண்டு, "எங்கள மன்னிச்சுரு சாமி. பெரியவரு காலத்துலேர்ந்து நெஞ்சுல சூடேறித்தான வருவ. இந்த வருஷம் எங்க மேல என்ன கோவம்?" என்று கேட்டார்.

இவர் திருச்செல்வத்தைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. ஊருக்குப் புதிதாக வந்து வழி கேட்டவர்களுக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"அந்த வழியா வந்தது நான் இல்ல."

அப்படியானால் இத்தனை வருடம் அந்த வழியாக வந்தது யார்? அதை யாராவது கேட்பதற்குள் மேளம் மறுபடி தொடங்கியது, வேண்டிய வேகத்துக்கும் அதிகமாகவே அடித்தார்கள். இவர் மெல்லச் சரிந்து, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, தரையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து கோயில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்திருந்தவரிடம் மோரைக் கொண்டுபோனேன். முகம் பளிச்சென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"வந்துச்சுல்ல நாகு? சூடே தெரியல. கெணத்துத் தண்ணிய மேல ஊத்துன மாதிரி இருந்துச்சு. என்ன சொல்லுச்சு?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடல் சிவந்துவிடும். காதைப் பார்த்தேன், சும்மா இருந்தது.

"மருந்து சாப்புடச் சொல்லுச்சு. தெனமும்," என்றேன்.

 அவர் உள்ளங்கையை நீட்டினார். நான் மாத்திரையை அதில் வைத்தேன். எல்லோரும் பார்க்க, மறைக்காமல், மோரோடு விழுங்கினார். எனக்கு அழுகை வந்தது. இதற்காகத்தானே இத்தனை பொய்யும் சொன்னேன். இனி அவர் பிழைத்துக்கொள்வார். டம்ளரை வாங்கினேன், அடியில் ஒன்றும் இல்லை.

"வேற ஒண்ணும் சொல்லலயா?"

"இல்ல."

"அப்புறம் நீ ஏன் நெஞ்சத் தடவிக்கிட்டே இருக்க?"

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். விரல்களை மடக்கி, முட்டியால் வயிற்றுக் குழியிலிருந்து தொண்டைவரை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எப்போது தொடங்கினேன் என்று தெரியவில்லை. நிறுத்தப் பார்த்தேன், கை இன்னொரு முறை மேலே ஏறிவிட்டுத்தான் நின்றது. பீடத்தின் முன் தட்டில் சுருட்டுகள் ஒன்றுகூடப் பற்றவைக்கப்படாமல் வைத்தபடியே கிடந்தன. காற்று இல்லாத அந்த வெயிலில் சுருட்டு வாசம் வந்தது, யாரோ என் தோளை ஒட்டி நின்று புகையை விடுவதுபோல் மிகப் பக்கத்தில். நான் திரும்பவில்லை. வயிற்றிலிருந்து சூடாக ஒன்று கிளம்பித் தொண்டையில் புளிப்பாக வந்து நின்றது. விழுங்கினேன். அது மறுபடியும் ஏறி வந்தது.